அடுத்த தலைமுறை உயர்நிலை கிராபிக்ஸ் கார்டுகள்: எந்த வதந்தியை எவ்வளவு நம்பலாம்?

நிழலாக்கி எழுதியது:

என்விடியாவின் உச்ச கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 5090, 2025 ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு அடுத்து வரப்போவது என்ன என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. இன்று முக்கியமாக மூன்று வதந்திகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதே 50 வரிசையின் மேம்படுத்திய ‘சூப்பர்’ பதிப்புகள், 2 ஜிபிக்குப் பதில் 3 ஜிபி மெமரி சிப்புகளோடு வரும் என்பது ஒன்று. என்விடியாவின் ரூபின் என்ற அடுத்த சிப் கட்டமைப்பிலிருந்து விளையாட்டுக்கான ஒரு பெரிய கார்டு பிறக்கும், அது 5090ஐப் போல இரு மடங்கு வேகம் தரும் என்பது இன்னொன்று. போட்டி நிறுவனமான ஏஎம்டி மீண்டும் உச்சிக்கான போட்டியில் இறங்கும் என்பது மூன்றாவது.

இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதற்கு முன் ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன். வதந்தியைச் சொன்னவர் யார், அவர் முன்பு எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அதைவிட, அவர் சொல்லும் விவரம் தயாரிப்பின் எந்தக் கட்டத்தில் முடிவாகிறது என்று பார்ப்பது பயன் தரும் என்பது என் கருத்து. மெமரி பஸ்ஸின் (சிப்பையும் மெமரியையும் இணைக்கும் பாதையின்) அகலமும் சிப்பில் இருக்கக்கூடிய அதிகபட்சக் கோர்களின் (கணக்கிடும் அலகுகளின்) எண்ணிக்கையும் சிலிக்கானிலேயே செதுக்கப்படுபவை. வெளியீட்டுக்கு வெகு காலம் முன்பே அவை முடிவாகிவிடுவதால், கசிவதற்கு அங்கே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. கிளாக் வேகம், மின் வரம்பு, எத்தனை கோர்களை அணைத்துவிட்டு விற்பது, என்ன பெயர் வைப்பது ஆகியவை கடைசி மாதங்களில் முடிவாகும். விலையோ அறிவிப்பு மேடைக்குப் போகும் வரை மாறக்கூடியது. ஆகவே ஓராண்டுக்கு முன்பே விலையைச் சொல்பவர், நிறுவனத்துக்கே தெரியாத ஒன்றைத் தமக்குத் தெரியும் என்கிறார்.

5090 விஷயத்தில் இது அப்படியே பொருந்தியது. 512 பிட் பஸ், 32 ஜிபி மெமரி, 600 வாட்டை ஒட்டிய மின் செலவு என்ற விவரங்கள் 2024 செப்டம்பரிலேயே வெளியாகி, பின்னர் சரியென்று உறுதியாயின. விலையைப் பற்றி மட்டும் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள்.

ஃபிரேம்144 எழுதியது:

உங்கள் அளவுகோல் நன்றாக இருக்கிறது, ஆனால் நீங்கள் அதற்குச் சாதகமான உதாரணத்தையே எடுத்திருக்கிறீர்கள். முந்தைய தலைமுறையின் 4090ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் முற்பாதி முழுவதும் அது 600 வாட் உறிஞ்சும் என்றார்கள். சிலர் 800, 900 வாட் வரை போனார்கள். அக்டோபரில் வந்த கார்டின் வரம்பு 450 வாட். அந்த எண்களைச் சொன்னவர்கள் போகிறபோக்கில் பேசியவர்கள் அல்லர். அதே கார்டின் கோர் அமைப்பைச் சரியாகச் சொன்னவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மின் வரம்பு கடைசியில் முடிவாவது என்று நீங்கள் சொல்லிவிட்டதால் இது உங்கள் வாதத்துக்கே வலுவூட்டுகிறது என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் 600 வாட் என்பது கற்பனையிலிருந்து வந்த எண் அல்லவே! கார்டுத் தயாரிப்பாளர்கள் அந்த அளவு வெப்பத்தைத் தாங்கும் கூலர்களைச் செய்து வைத்திருந்தார்கள். 4090களின் கூலர்கள் தேவைக்கு மிஞ்சிய பருமனோடு வந்ததற்கு அதுவே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆக வதந்தி பொய்யில்லை; அது உண்மையாக இருந்த காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வதந்தியை உங்கள் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்?

சால்டரிங்_கை எழுதியது:

கூலர் என்ற பேச்சு வந்ததால் குறுக்கிடுகிறேன். கணினிப் பெட்டியில் நான்கு கார்டு இடங்களை (ஸ்லாட்) அடைக்கும் தடிமனில், உள்ளே பலகையையே திருப்பிப்போட்டது போன்ற அமைப்பில், ஒரு பெரிய கூலரின் படங்கள் 2023இல் வெளியாயின. 4090 டிஐ வரப்போகிறது அல்லது புதிய டைட்டன் வரப்போகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். படம் போலியில்லை, பொருளும் உண்மைதான். ஆனால் அப்படி ஒரு கார்டு கடைக்கு வரவே இல்லை. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய உதிரிபாகம் கசிந்தாலும், அது ஆய்வுக்கூடத்தில் இருந்தது என்பதற்குத்தான் சான்று. விற்கப்போகிறார்கள் என்பதற்குச் சான்று அல்ல.

எதிர்ப்புறமும் ஓர் உதாரணம் உண்டு. என்விடியாவே தன் பெயரில் விற்கும் 5090 பதிப்பு இரண்டே ஸ்லாட் தடிமனில் வரும் என்று 2024இல் ஒரு வதந்தி வந்தபோது, 600 வாட்டை ஒட்டிய வெப்பத்தை அந்தத் தடிமனில் எப்படி வெளியேற்ற முடியும் என்று பலர் சிரித்தார்கள். பலகையை மூன்றாகப் பிரித்து, சிப் இருக்கும் பலகையை நடுவில் சிறிதாக வைத்து, இரண்டு விசிறிகளின் காற்றும் மறுபுறம் தடையின்றி ஊடுருவிப் போகும்படி செய்து, அதை நடத்திக் காட்டிவிட்டார்கள். நம்ப முடியாதது என்பதால் மட்டும் ஒரு வதந்தியைத் தள்ளிவிடக்கூடாது என்பதற்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சிப்புலவர் எழுதியது:

இரு மடங்கு வேகம் என்ற வதந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை யார் சொன்னார்கள் என்று தேடாமல் வெறும் கணக்காலேயே சோதித்துப் பார்க்கலாம்.

3090இலிருந்து 4090க்குப் போனபோது கோர்கள் 10,496இலிருந்து 16,384 ஆயின. அதோடு பூஸ்ட் கிளாக் (கோர்கள் எட்டும் உயர் வேகம்) 1.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. கோரும் கூடி, ஒவ்வொரு கோரின் வேகமும் ஏறக்குறைய பாதி அளவு கூடியது. சாம்சங்கின் 8 நானோமீட்டர் தயாரிப்பு முறையை விட்டு டிஎஸ்எம்சியின் 4என் முறைக்குத் தாவியதால் கிடைத்த வரம் அது. அதனோடு சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான இரண்டாம் நிலை கேஷும் 6 எம்பியிலிருந்து 72 எம்பியாகப் பெருகியது. அப்படி ஒரு பாய்ச்சல் ஒவ்வொரு தலைமுறையிலும் வாய்ப்பதில்லை.

4090இலிருந்து 5090க்குப் போனபோது தயாரிப்பு முறை மாறவில்லை; அதே 4என் குடும்பம்தான். 4090இல் உள்ள ஏடி102 சிப் சுமார் 608 சதுர மில்லிமீட்டரில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்களையும், 5090இல் உள்ள ஜிபி202 சிப் 750 சதுர மில்லிமீட்டரில் 9,220 கோடி டிரான்சிஸ்டர்களையும் கொண்டவை. வகுத்துப் பார்த்தால் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது தெரியும். கோர்கள் 33 சதவீதம் கூடின, பூஸ்ட் கிளாக் சற்றே குறைந்தது, மின் வரம்பு 450 வாட்டிலிருந்து 575 வாட்டாக 28 சதவீதம் ஏறியது, அறிவிப்பு விலை 1,599 டாலரிலிருந்து 1,999 டாலராக 25 சதவீதம் ஏறியது. 4கே விளையாட்டுகளில் கிடைத்த வேகமும் ஏறத்தாழ 30 சதவீதம்தான். கொடுத்ததற்கு ஏற்றபடியே கிடைத்திருக்கிறது. இலவசமாக எதுவும் வரவில்லை.

அடுத்த தலைமுறையில் சிப்பைப் பெரிதாக்கும் வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. சிப்பை ஒளியால் அச்சிடும் இன்றைய லித்தோகிராஃபி இயந்திரம் ஒரே வெளிச்சத்தில் அச்சிடக்கூடிய பரப்பு 26க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். 750இலிருந்து அங்கே போக 14 சதவீத இடமே மிச்சம். இன்னும் நுணுக்கமாக அச்சிடும் வருங்கால ஹை-என்ஏ இயந்திரங்களில் அந்தப் பரப்பும் பாதியாகிவிடுகிறது. ஆகவே முன்னேற்றம் புதிய முறையிலிருந்துதான் வர வேண்டும். அங்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கணக்கிடும் பகுதிகள் 3 நானோமீட்டரில் நன்றாகச் சுருங்குகின்றன, ஆனால் கேஷுக்கான எஸ்ரேம் செல்கள் 5 நானோமீட்டர் முறையிலிருந்த அளவிலேயே ஏறத்தாழ நின்றுவிட்டன. 4090 தொடங்கி எல்லாப் பெரிய சிப்புகளும் கேஷையே பெருமளவு நம்பியிருக்கும்போது, சுருங்க மறுக்கும் பகுதி இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முறை மாற்றம் 40, 50 சதவீதம் தந்தால் நான் வியக்க மாட்டேன். கார்டு உண்மையாகவே வரையும் பிம்பங்களில் இரு மடங்கு என்பவர் அதற்கான டிரான்சிஸ்டர்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லட்டும்.

செயற்கையாக உருவாக்கப்படும் பிரேம்களைச் சேர்த்து எண்ணினால் எந்தப் பெருக்கலையும் எட்டலாம். 549 டாலர் 5070 கார்டு 4090க்கு நிகரானது என்று மேடையிலேயே சொல்லப்பட்ட கணக்கு அப்படி வந்ததுதான்.

செவ்வட்டை எழுதியது:

எல்லாம் என்விடியாவைச் சுற்றியே போகிறது. ஏஎம்டி பக்கமும் வாருங்கள், வதந்திகள் எப்படி உருவாகின்றன என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

ஏஎம்டி தன் லினக்ஸ் டிரைவர்களையும் நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் எல்எல்விஎம் கம்பைலருக்கான திருத்தங்களையும் பொதுவெளியில் எழுதுகிறது. புதிய சிப் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ‘ஜிஎஃப்எக்ஸ்’ என்று தொடங்கும் ஒரு புதிய எண் அங்கே தோன்றும். அந்தச் சிப் எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதை வரிக்கு வரி படிக்கலாம். 2020 செப்டம்பரில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் சோதனைப் பதிப்பில் இருந்த கோப்புகளைத் தோண்டி, ஏஎம்டியின் நாவி 21 சிப்பில் 80 கணிப்பு அலகுகள் இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதம் அறிவிக்கப்பட்ட 6900 எக்ஸ்டியில் அப்படியே இருந்தது. இவையெல்லாம் ஒருவர் காதில் இன்னொருவர் ஓதியவை அல்ல. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்கக்கூடிய கோப்புகள்.

அதே சிப்புக்கு 256 பிட் பஸ் மட்டுமே இருக்கும், குறையை ஈடுகட்ட 128 எம்பி கேஷ் இருக்கும் என்ற வதந்தியும் அப்போது உலவியது. போட்டியாளரான 3080க்கு 320 பிட் இருக்கும்போது இது எடுபடாது என்று பலர் ஒதுக்கினார்கள். கடைசியில் அது உண்மையாகி, இன்ஃபினிட்டி கேஷ் என்று பெயரும் பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து என்விடியாவும் கேஷைப் பெருக்கும் அதே பாதைக்கு வந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

உச்சிக்குத் திரும்புவது பற்றிய வதந்தியில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. 2024 செப்டம்பரில் ஏஎம்டியின் ஜாக் ஹுவின், முதலிடம் பிடிக்கும் கார்டைவிடச் சந்தைப் பங்கை வளர்ப்பதே முன்னுரிமை என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டி 357 சதுர மில்லிமீட்டர் சிப்போடும் 16 ஜிபி மெமரியோடும் நின்றது. அந்தத் தலைமுறையில் பல துண்டுகளாகக் கட்டப்படவிருந்த பெரிய சிப் கைவிடப்பட்டது என்ற வதந்தி 2023இலேயே வந்து பொருந்தியும் போனது. இன்னொரு பக்கம், 2025 அக்டோபரில் சோனியின் விளையாட்டுக் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும் ஜாக் ஹுவினும் சேர்ந்து நியூரல் அரேக்கள், ரேடியன்ஸ் கோர்கள், யுனிவர்சல் கம்ப்ரெஷன் என்று மூன்று புதிய உத்திகளைக் காட்டினார்கள். அடுத்த கட்டமைப்பு ரே டிரேசிங்கில் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் பிம்பம் வரைவதில்) முன்னேறும் என்பதற்கு இதைவிட உறுதியான குறிப்பு தேவையில்லை. ஆனால் அந்தக் கட்டமைப்பைக் கொண்டு எவ்வளவு பெரிய சிப் செய்வார்கள் என்பது வேறு கேள்வி.

நிழலாக்கி எழுதியது:

செவ்வட்டை சொன்ன கோப்புகளின் உதாரணம் மிகப் பொருத்தமானது. அதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். எண் சரியாகவே கசிந்தாலும், அது எதை எண்ணுகிறது என்பது தெரியாமல் போகலாம்.

2020இல் 3090க்கு 5,248 கோர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடையில் 10,496 என்றார்கள், சரியாக இரு மடங்கு. கசிந்த சிப்பும் அறிவித்த சிப்பும் ஒன்றுதான். ஒவ்வொரு தொகுதியிலும் முழு எண்களைக் கையாண்ட பாதை மிதவைப் புள்ளிக் கணக்கையும் செய்யும்படி மாற்றப்பட்டதால் எண்ணும் முறைதான் மாறியது. இரண்டு ஆண்டு கழித்து ஏஎம்டியின் நாவி 31 சிப்புக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. 12,288 என்று சொல்லப்பட்டது, 7900 எக்ஸ்டிஎக்ஸ் 6,144 என்ற எண்ணோடு வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை அனுப்பும் வசதியைச் சேர்த்து எண்ணினால் வதந்தியும் சரி, சேர்க்காவிட்டால் அறிவிப்பும் சரி. ஆனால் அந்த வசதி எல்லா விளையாட்டு நிரல்களிலும் பயன்படுவதில்லை என்பதால், 12,288 என்ற எண்ணை நம்பி வேகத்தைக் கணித்தவர்கள் ஏமாந்தார்கள். 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும் என்ற பேச்சும் அறிவிக்கப்பட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் பூஸ்டில் முடிந்தது.

ஃபிரேம்144 கேட்டதற்குப் பதில்: 600 வாட் வதந்தியை ‘சோதிக்கப்பட்டது, முடிவாகவில்லை’ என்ற இடத்தில் வைப்பேன். அத்தகைய வதந்தி எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும், கார்டு எங்கே நிற்கும் என்பதைக் காட்டாது.

சால்டரிங்_கை எழுதியது:

மின் வரம்பு பற்றிய வதந்திகளைச் சோதிக்க எனக்கு எளிய வழி ஒன்று உண்டு. கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2x6 கனெக்டரின் அளவு 600 வாட். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு கம்பிகளுக்குப் பங்கிட்டால் கம்பிக்கு 8.3 ஆம்பியர் வரும், ஒவ்வொரு பின்னும் தாங்கக்கூடியதோ ஏறக்குறைய 9.5 ஆம்பியர். இடைவெளி எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கூடுதலாக 75 வாட் எடுக்கலாம், அத்தோடு கதை முடிந்தது. ஆகவே யாராவது 800 வாட் என்றால், எத்தனை கனெக்டர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதற்குப் பதில் இல்லாத வதந்தியை அப்படியே விட்டுவிடுவேன்.

பழுதுக்கு வரும் கார்டுகளில் கருகிய கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ஆறில் ஒன்றிரண்டு பின்கள் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி அவற்றோடு ஒட்டியிருக்கும். பக்கத்துப் பின் புதிது போலப் பளபளக்கும். ஒரு பின்னின் தொடர்பு தளர்ந்தால், மின்னோட்டம் தொடர்பு நன்றாக இருக்கும் பின்களின் மேல் ஏறிக்கொள்கிறது, அவைதான் சூடாகின்றன. 3090 டிஐயில் ஆறு கம்பிகளும் மூன்று ஜோடிகளாகப் பிரித்துக் கண்காணிக்கப்பட்டன. அதன்பின் வந்த பலகைகளில் பெரும்பாலும் எல்லாம் ஒரே தடத்தில் கலந்துவிட்டன. புதிய தலைமுறையில் பிரித்துக் கண்காணிக்கும் முறை திரும்ப வருகிறது என்று ஒரு வதந்தி வந்தால், கோர் எண்ணிக்கையைவிட அதற்குத்தான் நான் மகிழ்வேன். அப்படி எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

3 ஜிபி சிப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் அகலத்தை எடுத்துக்கொள்வதால், 5090 பலகையில் முதன்மைச் சிப்பைச் சுற்றி 16 மெமரி சிப்புகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 2 ஜிபி வீதம் 32 ஜிபி. 256 பிட் கொண்ட 5080இல் எட்டுச் சிப்புகள், 16 ஜிபி. அதே எட்டு இடங்களில் 3 ஜிபி சிப்பை வைத்தால் பலகையின் தடங்களை மாற்றாமலேயே 24 ஜிபி ஆகிவிடும். மடிக்கணினிக்கான 5090 இப்படித்தான் 24 ஜிபி பெற்றது. தொழில்முறைப் பயனுக்கான ஆர்டிஎக்ஸ் புரோ 6000இல் பலகையின் இருபுறமுமாக 32 சிப்புகள் வைத்து 96 ஜிபி தந்திருக்கிறார்கள். ஆக சூப்பர் பதிப்புகள் பற்றிய வதந்தியில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

ஃபிரேம்144 எழுதியது:

தொழில்நுட்பத் தடை இல்லை, சரி. அந்த 3 ஜிபி சிப்புகளை யாருக்குக் கொடுப்பார்கள் என்பதே கேள்வி. என்விடியாவின் 2025 நிதியாண்டு வருவாயில் தரவு மையப் பிரிவு 11,520 கோடி டாலர், விளையாட்டுப் பிரிவு சுமார் 1,140 கோடி டாலர். பத்தில் ஒரு பங்கு! அதே மெமரி சிப்பைப் பல மடங்கு விலையுள்ள தொழில்முறைக் கார்டில் வைத்து விற்க முடியும்போது, விளையாட்டுக் கார்டு வரிசையில் பின்னால்தான் நிற்கும். 2025இன் இறுதியில் மெமரி விலை ஏறியதும், மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்தை விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்ததும் சேர்ந்து, சூப்பர் பதிப்புகள் தள்ளிப்போகும் என்ற பேச்சுக்கு வலுச் சேர்த்தன. சிப் பற்றிய வதந்தி முழுக்க உண்மையாக இருந்தாலும், மெமரிச் சந்தை அதன் தேதியைப் பொய்யாக்கிவிட முடியும்.

ரூபின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் என்விடியா ரூபின் சிபிஎக்ஸ் என்ற சிப்பை கிராபிக்ஸ் கார்டுகளில் வரும் ஜிடிடிஆர்7 வகை மெமரி 128 ஜிபியோடு அறிவித்தது. 2026 இறுதியில் கிடைக்கும் என்றது. தரவு மையச் சிப்புகள் வழக்கமாக எச்பிஎம் என்ற அடுக்கு மெமரியைப் பயன்படுத்தும்போது, இது மட்டும் ஜிடிடிஆர் பயன்படுத்துவதால், விளையாட்டுக் கார்டுக்கான பெரிய சிப்பும் இதுவேதான் என்று பலர் ஊகிக்கிறார்கள். இந்த ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இருபுறமும் 32 சிப்புகள் என்று வைத்துக்கொண்டால், 128 ஜிபிக்குச் சிப் ஒன்றுக்கு 4 ஜிபி வேண்டும். ஆகவே ஒன்று மெமரிச் சிப்பின் கொள்ளளவு வளர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பஸ் 512 பிட்டைவிட அகலமாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்று சொல்லும் கசிவுதான் இப்போதைக்கு மதிப்புள்ளது.

சிப்புலவர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அதோடு வேகத்தையும் கவனியுங்கள். 512 பிட், பின்னுக்கு நொடிக்கு 28 கிகாபிட், எட்டால் வகுத்தால் 5090இன் மெமரி வேகமான நொடிக்கு 1,792 ஜிபி கிடைக்கிறது. மெமரித் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2024 மார்ச்சில் வெளியிட்ட ஜிடிடிஆர்7 தரம் 48 கிகாபிட் வரை இடம் தருகிறது. ஆகவே பஸ்ஸை அகலப்படுத்தாமலேயே வளர நிறைய வழி இருக்கிறது. அகலமான பஸ் சிப்பின் விளிம்பை விழுங்கும். புதிய முறையில் சிப் சிறியதானால் விளிம்பும் குறையும். என் பந்தயம் கொள்ளளவு வளரும் என்பதன் மேல்தான்.

புதுவரவு எழுதியது:

நீண்ட நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அடுத்த பெரிய கார்டு உண்மையிலேயே நெருங்கிவிட்டது என்பதை எதை வைத்து அறிந்துகொள்வது? மாதத்துக்கொரு தேதி சொல்கிறார்களே.

நிழலாக்கி எழுதியது:

காலக்கணக்கை முதலில் பாருங்கள். 2080 டிஐ 2018 செப்டம்பரில் வந்தது, 3090 2020 செப்டம்பரில், 4090 2022 அக்டோபரில், 5090 2025 ஜனவரியில். இடைவெளி 24 மாதம், 25 மாதம், 27 மாதம். இதே போக்கு தொடர்ந்தால் 2027இன் முற்பாதிக்கு முன் எதிர்பார்ப்பதற்குக் காரணம் இல்லை. மெமரி நிலவரம் அதை மேலும் தள்ளலாம்.

அந்தக் காலம் நெருங்கும்போது, இறக்குமதி ஆவணங்களில் சோதனைப் பலகைகளும் அவற்றைப் பரிசோதிக்கும் கருவிகளும் குறியீட்டுப் பெயர்களோடு தோன்றத் தொடங்கும். அவை கடைக்கு வெகு முன்னால் வருபவை, ஆகவே அவற்றைப் பார்த்துத் தேதி குறிக்க முடியாது. சிப் கையில் இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொள்ளலாம். பின்னர் டிரைவர் கோப்புகளில் புதிய சாதன எண்கள் சேரும். பொது பெஞ்ச்மார்க் தளங்களில் பெயரில்லாத ஒரு கார்டின் முடிவு ஒருநாள் எட்டிப்பார்க்கும். கார்டுத் தயாரிப்பாளர்களின் பெட்டிப் படங்களும் விற்பனையாளர்களின் பட்டியல்களும் வந்தால், வாரக்கணக்கில் வந்துவிட்டது என்று பொருள். அவற்றிலும் விலைக் கட்டத்தில் இருக்கும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். பல நேரம் அது இடம் நிரப்ப வைத்த எண்.

சால்டரிங்_கை எழுதியது:

பெட்டிப் படம் வந்த பிறகும் பெயர் மாறலாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் 12 ஜிபி 4080ஐ மேடையில் அறிவித்து, அக்டோபர் 14 அன்று அதைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 100 டாலர் குறைத்து விற்றார்கள். அதற்குள் பெட்டிகளெல்லாம் அச்சாகியிருந்தன.